நித்திரை என்று எழுதிய கார்டு

நான் செத்துப்போனதாகத் திருவொற்றியூர்ச் சபையில் அறிவித்த ஞாயிற்றுக்கிழமை, நான் ராயபுரத்தில் ஓர் ஆஸ்பத்திரிக் கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்து பார்லித் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தேன். உப்பு போதவில்லை என்று அம்மாவிடம் முணுமுணுத்துக்கொண்டும் இருந்தேன். அதே நேரத்தில் அங்கே எனக்காக மணி அடித்து, எழுந்து நின்று, ஒரு பாட்டும் பாடி முடித்துவிட்டார்களாம்.

சுகமானதைப் பற்றிச் சாட்சி எழுதித் தரும்படி சபைப் பத்திரிகையிலிருந்து இரண்டு தடவை கேட்டுவிட்டார்கள். சாட்சி எப்படி இருக்கவேண்டும் என்றும் அவர்களே சொல்லியனுப்பினார்கள். வியாதி, விசுவாசம், ஜெபம், சுகம், ஸ்தோத்திரம், அவ்வளவுதான். ஒரு பக்கத்துக்கு மேல் போகக்கூடாது. கோபத்தை எந்த இடத்தில் வைப்பது என்று அவர்கள் சொல்லவில்லை. அதனால் என் போக்கில் எழுதுகிறேன். அவர்கள் போட்டாலும் சரி, போடாவிட்டாலும் சரி. ஆஸ்பத்திரி என்றாலே கை கால் உதறுகிறவர்கள் நாலு பேர் படித்துத் தைரியம் கொண்டால் எனக்குப் போதும்.

என் பெயர் எஸ்தர். அப்பா திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்து ராயபுரத்தில் கருப்பட்டி மொத்தக்கடை வைத்தவர். நான் டிரெயினிங் முடித்து ஒரு பெண்கள் பள்ளியில் டீச்சராக இருந்தேன். நல்ல வேலை, வீட்டிலிருந்து நடந்து போகிற தூரம், மாப்பிள்ளையும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒரு விடுமுறையில் பள்ளிப் பிள்ளைகளை எண்ணூர்க் கடற்கரைக்குக் கூட்டிப்போனோம். முகத்துவாரக்குப்பத்தில் மீன் காயவைத்துக்கொண்டிருந்த ஒரு பெண், என் கையில் புத்தகத்தைப் பார்த்துவிட்டு ஓடிவந்தாள். இடுப்புச் சுருக்குப்பையிலிருந்து மடித்து மடித்துக் கிழியப்போகிற ஒரு கடிதத்தை எடுத்து நீட்டினாள். "இத்த கொஞ்சம் படிச்சு சொல்லும்மா" என்றாள். ரங்கூனுக்குப் போன அவள் தம்பி யாரையோ பிடித்து எழுதியனுப்பிய கடிதம் அது. கப்பலில் வருகிறேன், உடம்பு சரியில்லை, இன்ன தேதிக்கு ஹார்பருக்கு வந்து என்னைக் கூட்டிப்போ அக்கா என்று எழுதியிருந்தது. அந்தத் தேதி போய் இரண்டு மாதம் ஆகியிருந்தது.

வாசித்துச் சொன்னேன். அவள் அழவில்லை. மணலில் அப்படியே குந்திக்கொண்டு, "ரெண்டு மாசமா இடுப்புலயே வெச்சினு இருந்தேனே" என்றாள். அவள்தான் மங்கம்மா. அந்தத் தம்பி என்ன ஆனான் என்று இன்றுவரை தெரியாது. அன்றைக்கு அந்த மணலில் வைத்து என்னைக் கூப்பிட்டவர் யார் என்று எனக்குச் சந்தேகமே இல்லை. வானத்திலிருந்து சத்தம் எதுவும் வரவில்லை. ஆனாலும் அது அழைப்புதான். பள்ளி வேலையை விட்டேன். கல்யாணம் வேண்டாம் என்றேன். திருவொற்றியூர்ச் சபையின் ஊழியக்காரியாக எழுதிக்கொடுத்து, காலடிப்பேட்டையில் ஓர் அறை எடுத்துத் தங்கி, தினமும் எண்ணூர் வண்டி ஏறினேன். குப்பத்துப் பெண்களுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுப்பது, வேதக் கதைகள் சொல்வது, நோயாளிகளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவது, இதுதான் என் வேலை. பைபிளம்மா என்று கூப்பிடுவார்கள்.

அப்பாவுக்கு இது கொஞ்சமும் பிடிக்கவில்லை. "டீச்சரம்மாவா இருந்த புள்ள மீன்கூடைக்குள்ள போய் உக்காந்துட்டா" என்று கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் புலம்புவார். ஆறு வருஷம் அப்படியே போயிற்று. நான் வீட்டுக்குப் போனால் சாப்பிட்டாயா என்று கேட்பார், வேலையைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கமாட்டார்.

சபைக் கமிட்டிக்கும் பிடிக்கவில்லை. அவர்கள் கணக்கே வேறு. கமிட்டியின் செக்ரட்டரி மாணிக்கராஜ், ஒரு கம்பெனியில் ஹெட் கிளார்க். கூட்டத்துக்குக் கூட்டம் அவர் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "கனி எங்கே, சகோதரி?" கனி என்றால் ஞானஸ்நானம். முகத்துவாரக்குப்பத்தில் ஆறு வருஷத்தில் ஒருவரும் ஞானஸ்நானம் வாங்கவில்லை. என் ஊழியத்தைத் தூக்கிக் கொண்டுபோய் ஆலைக் குடியிருப்பில் வைக்கவேண்டும், அங்கே ஜனங்கள் சுத்தமானவர்கள், படித்தவர்கள் என்பார். அவருடைய தங்கை மகள் அந்தக் குடியிருப்புக்குப் பக்கத்திலேயே வேலையில்லாமல் இருந்தாள் என்பதையும் சொல்லிவிடுகிறேன். நான் மாட்டேன் என்று ஒவ்வொரு தடவையும் சொல்லிவந்தேன். நான் இருக்கிற வரையில் அவரால் ஒன்றும் செய்யமுடியவில்லை.

அந்த வருஷம் ஆடிக் கடைசியில் குப்பத்தில் காய்ச்சல் கண்டது. வீட்டுக்கு ஒருவர் படுத்தார்கள். அவர்களைக் கொண்டுபோய்ச் சேர்ப்பதிலேயே என் நாள் போயிற்று. தாகத்துக்கு அங்கே கிடைத்த தண்ணீரைக் குடித்தேன். எனக்கு முதலில் தலைவலி, பிறகு சாயங்காலங்களில் மட்டும் காய்ச்சல். நேற்றைவிட இன்று கொஞ்சம் அதிகம், இன்றைவிட நாளை கொஞ்சம் அதிகம் என்று படி ஏறுவதுபோல் ஏறியது. ஐந்தாம் நாள் பாடம் நடத்திக்கொண்டிருக்கும்போதே சரிந்துவிட்டேன். மங்கம்மாவும் அவள் புருஷனும் மீன்கூடை ஏற்றும் கைவண்டியில் என்னைப் போட்டு எண்ணூர் ஸ்டேஷனுக்குத் தள்ளிக்கொண்டுவந்து, வண்டியேற்றி, ராயபுரத்தில் இறக்கி, ஆஸ்பத்திரியிலும் சேர்த்துவிட்டு அப்பாவுக்குச் சொல்லியனுப்பினார்கள். அந்த ஆஸ்பத்திரியின் பெயர் இங்கே வேண்டாம். அவர்கள் பேரில் எனக்கு ஒரு குறையும் இல்லை.

டாக்டரம்மா கையில் ஊசி போட்டு இரத்தம் எடுத்தார். அதைத் தெளியவைத்து, கிருமி கலந்த ஒரு திரவத்தோடு கண்ணாடிக் குழாயில் சேர்த்துப் பார்ப்பார்களாம். திரிதிரியாகத் திரண்டால் டைபாய்டு. எனக்குத் திரண்டது. விஷக்காய்ச்சல் என்று நம் வீடுகளில் சொல்வதும் அதைத்தான். கெட்ட தண்ணீரில் இருக்கும் கிருமி குடலுக்குள் போய்ப் புண் உண்டாக்குகிறது. மூன்று வாரம் காய்ச்சல் நிற்காது. இந்தச் சமயத்தில் கட்டியாக எதையாவது தின்றால் அந்தப் புண் ஓட்டையாகிவிடும், அதற்கப்புறம் பிழைப்பது கஷ்டம் என்று அம்மாவை நிறுத்திவைத்துச் சொன்னார். அதனால் பார்லி, மோர்த் தண்ணீர், சாத்துக்குடிச் சாறு, அவ்வளவுதான். வாய்க்கு ருசியாக இருக்கட்டும் என்று அப்பா ஒரு கருப்பட்டித் துண்டை வேட்டி மடியில் ஒளித்துக்கொண்டுவந்து நர்ஸிடம் பிடிபட்டார். அறுபது வயது மனிதரை அந்தப் பெண் வராந்தாவில் நிறுத்தி வைது தீர்த்தாள்.

நாலு மணி நேரத்துக்கு ஒரு தடவை வாயில் தெர்மாமீட்டர். அளவைக் குறித்த காகிதம் கட்டிலின் கால்மாட்டில் தொங்கும். நானும் எட்டிப் பார்ப்பேன். கோடு மேலேதான் போய்க்கொண்டிருந்தது. நெற்றியில் ஐஸ் பை, உடம்பில் ஈரத்துணி. எட்டாம் நாள் தலைமயிரை ஒட்ட வெட்டிவிட்டார்கள். வார்டு ஆயா கொருக்குப்பேட்டைக்காரி. வெட்டின மயிரை வாரிக்கொண்டே, "இன்னாத்துக்கும்மா அயுவுற? மயிரு இன்னா, மய பேஞ்சா பில்லு மாரி வந்துகினே இருக்கும். உசுரு இருக்கச் சொல்லோ இதுக்குப் போய் பேஜார் ஆவாத" என்றாள். அந்த ஆயா சொன்னதுதான் அந்த வாரம் முழுவதும் என் காதில் விழுந்த ஒரே ஆறுதல்.

நான் பயந்தேன். ஊழியக்காரி பயந்தேன் என்று எழுதக்கூடாதாம், விசுவாசக் குறைவு என்பார்கள். பயந்தேன் ஐயா, நன்றாகப் பயந்தேன். சாவதற்குக்கூட அவ்வளவு இல்லை. நான் போய்விட்டால் குப்பத்தில் நான் பாடம் நடத்துகிற கொட்டகையை மறுநாளே பூட்டிவிடுவார்கள் என்ற பயம்தான் பெரிது. பதினாறு பெண்கள் அப்போதுதான் எழுத்துக்கூட்டி வாசிக்க ஆரம்பித்திருந்தார்கள். தூக்கம் அடியோடு போய்விட்டது. கண்ணை மூடினால் பிதற்றல் தொடங்கிவிடும். ஆஜர்ப் பட்டியல் வாசித்தேனாம். "கன்னியம்மா, பொன்னம்மா, மங்கம்மா" என்று ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டு, யாரும் பதில் சொல்லாததற்குப் பக்கத்துக் கட்டில்காரியைத் திட்டினேன் என்று அம்மா சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

இந்த நாட்களில் சபையிலிருந்து ஒருவரும் எட்டிப்பார்க்கவில்லை. அப்பா ஞாயிற்றுக்கிழமை திருவொற்றியூருக்கே போய்ச் சொல்லிவிட்டு வந்தார். "ஜெபிக்கிறோம்" என்றார்களாம். தொற்று வியாதி பாருங்கள், பிள்ளைகுட்டிக்காரர்கள் என்றும் சொன்னார்களாம். ஜெபம் பெரியதுதான், நானும் ஜெபிக்கிறவள்தான். ஆனால் வராமல் இருப்பதற்கு அந்த வார்த்தையை முட்டுக்கொடுக்கிறார்கள் பாருங்கள், அதைக் கேட்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். மங்கம்மாவுக்கும் பிள்ளைகுட்டி உண்டு. அவள் வாரத்தில் இரண்டு நாள் மீன் விற்ற கூடையை ஆஸ்பத்திரி வாசலுக்கு வெளியே வைத்துவிட்டு வந்து, என் கால்மாட்டில் நின்று, "இன்னும் தூங்கலியா இது?" என்று ஆயாவைக் கேட்டுவிட்டுப் போவாள்.

டைபாய்டுக்கு அப்போதுதான் ஒரு புது கேப்சூல் வந்திருந்தது. ஆஸ்பத்திரியில் கையிருப்பு இல்லை. அப்பா கடையை அடைத்துப் போட்டுவிட்டு மவுண்ட் ரோடு மருந்துக்கடைகளில் நாலு நாள் அலைந்து வாங்கிவந்தார். ஆறு மணிக்கு ஒன்று, பன்னிரண்டு மணிக்கு ஒன்று என்று அம்மா கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். ஆஸ்பத்திரிக்கு வந்து பதினெட்டாம் நாள், வியாழக்கிழமை, பிற்பகல் மூன்று மணிக்கு எனக்கு வேர்த்துக் கொட்டியது. படுக்கையெல்லாம் நனைந்தது. காய்ச்சல் இறங்கியது. நான் தூங்கினேன். மறுநாள் காலை வரைக்கும் அசையாமல் தூங்கினேன்.

அப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை. வார்டு வராந்தாவிலேயே உட்கார்ந்து, திருவொற்றியூர்ச் சபைக் குருவானவருக்கு ஒரு கார்டு எழுதினார். எங்கள் பக்கத்தில் குருவானவரை ஐயர் என்போம். அப்பா வாயால் பேசும்போது, தூங்குதா, முழிச்சிட்டா என்றுதான் பேசுவார். ஆனால் ஐயருக்கு எழுதுவது என்றால் அவருக்குத் தனித் தமிழ் ஒன்று வந்துவிடும். சோறு என்பது போஜனமாகிவிடும், தூக்கம் நித்திரையாகிவிடும். மரியாதையாம்! அந்தக் கார்டைப் பிற்பாடு என் கண்ணாலேயே பார்த்தேன். அதில் இப்படி எழுதியிருந்தது:

"கனம் ஐயரவர்கள் சமூகத்துக்கு ஸ்தோத்திரம். என் மகள் எஸ்தர் நேற்றுப் பிற்பகல் மூன்று மணிக்கு நித்திரை அடைந்தாள். பதினெட்டு நாள் பட்ட பாடுகள் எல்லாம் தீர்ந்தன. இனி அவளுக்கு வேதனை இல்லை. கர்த்தருடைய நாமத்துக்கு மகிமை உண்டாவதாக. சபையார் யாவருக்கும் அறிவிக்கக் கோருகிறேன்."

கிறிஸ்தவர்கள் அல்லாதவர்களுக்காக ஒன்று சொல்லவேண்டும். எங்கள் சபைகளில் ஒருவர் இறந்துபோனால் செத்துப்போனார் என்று சொல்லமாட்டோம். நித்திரை அடைந்தார் என்போம். கல்லறைக் கற்களில் பார்க்கலாம், எல்லாரும் நித்திரைதான். அப்பா இதெல்லாம் தெரியாதவர் அல்ல. மகள் பதினெட்டு நாளைக்கு அப்புறம் கண் மூடித் தூங்குகிற சந்தோஷத்தில் அவருக்கு அந்த நினைப்பே வரவில்லை.

கார்டு சனிக்கிழமை போய்ச் சேர்ந்தது. ஞாயிற்றுக்கிழமை நான் செத்தேன்.

இதெல்லாம் எனக்கு எப்படித் தெரிந்தது என்றால், செவ்வாய்க்கிழமை மங்கம்மா வந்தாள். முகமெல்லாம் சிரிப்பு, கையில் ஓர் இளநீர். நான் தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தேன். அப்பா பக்கத்தில் ஸ்டூலில் இருந்தார்.

"தூங்கிட்டியாமே பைபிளம்மா!" என்றாள். "நெனச்சேன். அந்த மாத்திர வேல செஞ்சுருச்சு பாத்தியா!"

"உனக்கு யார் சொன்னது?"

"யாரு சொல்லணும்? நானே படிச்சேன். நேத்து திருவொத்தியூர் பக்கம் மீன்கூட எட்த்துகினு போனேன். உன்னப் பத்தி கேக்கலாம்னு கோயிலாண்ட போனா, போர்டுல எயிதி மாட்டிக்கீது. ஒண்ணொண்ணா கூட்டிப் படிச்சேன். எஸ்தர் அம்மாள், மூணு மணிக்கு, கர்த்தருக்குள் நித்திரைன்னு போட்டுக்கீது. நித்திரன்னா தூக்கம்னு நீதான சொல்லிக் குட்த்த? எனுக்கு கண்ணுல தண்ணி வந்துச்சும்மா. ஒரு பொம்பள தூங்குனதுக்கு கோயில்ல போர்டு எயிதி மாட்றாங்கன்னா, உன் மேல எம்மாம் பாசம் வெச்சுகிறாங்க!"

நான் சிரித்துவிட்டேன். சிரித்து முடிப்பதற்குள் எனக்கு உறைத்தது. அப்பாவைப் பார்த்தேன். அவர் வாயைப் பிளந்துகொண்டு மங்கம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏட்டி," என்றார் மெதுவாக, "நான் நித்திரைன்னா எழுதினேன்?"

"உங்களுக்குத்தான் தெரியும்."

"எழுதிட்டேன் போலிருக்கே! தூங்குதான்னு எழுதினா ஐயருக்கு மரியாதக் கொறச்சலா இருக்குமேன்னு... அட பாவி, என் கையாலயே எம் மவளக் கொன்னுட்டேனே!" தலையில் அடித்துக்கொண்டார். பக்கத்துக் கட்டில்காரர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். மங்கம்மாவுக்கு விஷயத்தை விளக்கிச் சொல்ல எனக்குப் பத்து நிமிஷம் ஆயிற்று.

"செத்துட்டன்னா எயிதிகிறாங்க?" என்று கேட்டாள். சிரிப்பெல்லாம் போய்விட்டது. "அப்ப சாவுன்னு எயுத வேண்டியதுதான? தூக்கம்னு இன்னாத்துக்கு எயிதறாங்க?" இளநீரைத் தரையில் வைத்தாள். "அதான் அந்த ஐயா அப்பிடி சொன்னாரா?"

"எந்த ஐயா?"

"கண்ணாடி போட்டுகினு, கோட்டு போட்டுகினு இருப்பாரே, அவருதான். நா போர்டு படிச்சுகினு இருக்கச் சொல்லோ வந்தாரு. இனிமே குப்பத்துக்கு யாரும் வரமாட்டாங்க, கொட்டாய்ல கீற சிலேட்டு, பலக எல்லாத்தியும் எட்த்துகினு வந்து இங்க போட்டுருன்னாரு. எங்கம்மா சொல்லாம நா தரமாட்டேன்னு வந்துட்டேன்."

மாணிக்கராஜ்தான், வேறு யார்? காய்ச்சல் இறங்கி ஐந்து நாள் ஆன உடம்பு. எழுந்து நிற்கக்கூட என்னால் முடியாது. ஆனால் அந்த நிமிஷத்தில் எனக்கு வந்த கோபத்துக்குக் கட்டிலோடு பறந்து திருவொற்றியூர் போயிருப்பேன். நர்ஸ் வந்து நாடி பிடித்துப் பார்த்துவிட்டு மங்கம்மாவை விரட்டினாள். போகிறபோது மங்கம்மா சும்மா போகவில்லை. நேரே ஐயர் வீட்டுக்குப் போய், வாசலில் நின்று, "எங்க பைபிளம்மா உசுரோட கீது! இளநி குட்ச்சுகினு கீது! போர்ட எறக்குங்க!" என்று தெருவே கூடும்படி சத்தம் போட்டிருக்கிறாள்.

மறுநாள் ஐயர் வந்தார். கெட்ட மனிதர் அல்ல. யாரையும் எதிர்த்துப் பேசத் தெரியாதவர், அதுதான் அவர் வியாதி. குல்லாவைக் கையில் பிடித்துக்கொண்டு கட்டிலுக்கு மூன்றடி தள்ளியே நின்றார்.

"கர்த்தர் உங்களைத் திரும்பக் கொடுத்தாரம்மா" என்றார்.

"அவர் எடுத்துக்கொள்ளவே இல்லை ஐயர் அவர்களே, திரும்ப எங்கே கொடுப்பது?"

அவர் கீழே பார்த்தார். ஆராதனையில் என்னைப் பற்றி நல்லவிதமாகப் பேசினாராம். ஆண்டவர் சிலுவையில் உயிர்விட்ட அதே மூன்று மணிக்கு என் உயிரும் பிரிந்தது எவ்வளவு பெரிய பாக்கியம் என்று சொல்லும்போது சபையில் பலர் அழுதார்களாம். ஆராதனை முடிந்த கையோடு கமிட்டி கூடிவிட்டது என்பதையும் தயங்கித் தயங்கிச் சொன்னார். முகத்துவாரக்குப்பத்து ஊழியம் முடிந்தது. ஆலைக் குடியிருப்பில் புது ஊழியம். செக்ரட்டரியின் தங்கை மகள் புது ஊழியக்காரி.

"ஞாயிற்றுக்கிழமையேவா?"

"ஆமாம்மா."

"என் உடம்பு சூடு ஆறுமுன்னாலேயே?"

ஜெபம் பண்ணட்டுமா என்று கேட்டார். பண்ணுங்கள் என்றேன். அவர் கண்ணை மூடினார். நான் மூடவில்லை.

மூன்று வாரம் கழித்து வீட்டுக்கு அனுப்பினார்கள். ஒரு மாதம் படுத்தும் நடந்தும் கால் ஊன்ற ஆரம்பித்ததும், கமிட்டி கூடுகிற நாள் பார்த்துத் திருவொற்றியூருக்குப் போனேன். அப்பாவும் கூட வந்தார். கார்டு விஷயத்துக்கு அப்புறம் அவர் யாரிடமும் சரியாகப் பேசுவதில்லை. ஆலயத்துக்குப் பின்னால் இருக்கிற அறையில் ஐயரோடு சேர்த்து ஏழு பேர் உட்கார்ந்திருந்தார்கள். முளைத்தும் முளையாத தலையும் எலும்புமாக என்னைப் பார்த்ததும் இரண்டு பேர் எழுந்தேவிட்டார்கள்.

செக்ரட்டரி மட்டும் அசையவில்லை. "உட்காருங்க சகோதரி. நீங்க பிழைச்சு வந்ததுல எங்களுக்கெல்லாம் ரொம்ப சந்தோஷம்" என்றார்.

"சந்தோஷம். திங்கட்கிழமையிலிருந்து நான் குப்பத்துக்குப் போகிறேன். அதைச் சொல்லத்தான் வந்தேன்."

"அதுல ஒரு சிக்கல் இருக்கு." தீர்மானப் புத்தகத்தைத் திறந்து என் பக்கம் திருப்பினார். அழகான கையெழுத்து. 'சகோதரி எஸ்தர் அம்மாள் கர்த்தருக்குள் நித்திரை அடைந்தபடியால், முகத்துவாரக்குப்பத்து ஊழியம் இத்துடன் நிறைவு பெறுகிறது.' கீழே ஏழு கையெழுத்து. "மேலிடத்துக்குக் காப்பி போயாச்சு. புது சகோதரி வேலையும் ஆரம்பிச்சுட்டாங்க. இப்ப வந்து எப்படி மாத்துறது?"

"நான் உயிரோடு இருக்கிறேன் என்று எழுதுங்கள். எழுத வராவிட்டால் நான் எழுதித் தருகிறேன்."

"தப்பு எங்க பேர்ல இல்லியே. உங்கப்பா எழுதினதுதானே? நித்திரைன்னா மரணம்தான். எந்தச் சபையில வேணாலும் கேட்டுப்பாருங்க."

அப்பா தலைகுனிந்தார். எனக்கு அதைப் பார்க்கப் பொறுக்கவில்லை.

"சரி. அவர் எழுதினது தப்பாகவே இருக்கட்டும். நான் செத்தேன் என்று நம்பினீர்களே, நம்பினவர்கள் அடக்கத்துக்கு ஏன் வரவில்லை?"

ஒருவர் எழுந்துபோய் ஜன்னலைச் சாத்தினார்.

"கேட்கிறேன். சனிக்கிழமை கார்டு வந்தது. ஆறு வருஷம் உங்கள் சபையில் ஊழியம் செய்தவள் செத்துப்போனாள். இங்கேயிருந்து ராயபுரம் எவ்வளவு தூரம்? எங்கே புதைத்தீர்கள் என்று அப்பாவிடம் ஒரு வார்த்தை கேட்டீர்களா? ஒருபிடி மண் போட ஒருவராவது வந்தீர்களா? வந்திருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்குமே, நான் உயிரோடு இருக்கிறேன் என்று! மணி அடித்தீர்கள், பாட்டுப் பாடினீர்கள், உட்கார்ந்து தீர்மானம் எழுதினீர்கள். அதற்கு மட்டும் உங்களுக்கு நேரம் இருந்தது."

ஐயர் முகத்தைக் கையால் மூடிக்கொண்டார். செக்ரட்டரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "உணர்ச்சிவசப்படாதீங்க. ஒருவேளை கர்த்தரே இந்த வாசலை அடைக்கிறாரோ என்னமோ. ஆறு வருஷத்துல அந்தக் குப்பத்துல ஒரு கனி, ஒரே ஒரு கனி காட்டுங்க பார்ப்போம்."

"காட்டுகிறேன். நீங்கள் எழுதி மாட்டின போர்டை இந்தச் சபையில் எல்லாரும் வாசித்தீர்கள். அதைச் சரியாக வாசித்தவள் அந்தக் குப்பத்துக்காரி ஒருத்திதான். வாசித்துவிட்டு என்னைப் பார்க்க வந்தவளும் அவள் ஒருத்திதான். கர்த்தர் பேரில் பழியைப் போடாதீர்கள். வாசலை அடைத்தது நீங்கள்."

அவர் மேஜை டிராயரிலிருந்து ஒரு காகிதம் எடுத்தார். ஏற்கெனவே டைப் அடித்துத் தயாராக வைத்திருந்தார்கள். உடல்நலக் குறைவு காரணமாக ஊழியத்திலிருந்து நானாகவே விலகிக்கொள்கிறேன் என்று இருந்தது. பழைய தேதி போட்டிருந்தது.

"இதுல ஒரு கையெழுத்துப் போட்டுடுங்க" என்றார். "அந்தத் தீர்மானத்தை அடிச்சுட்டு இதைச் சேர்த்துக்கறோம். உங்களுக்கும் கௌரவம், சபைக்கும் பேர் கெடாது."

பேனாவையும் நீட்டினார். நான் அந்தப் பேனாவைப் பார்த்தேன். அந்த ஏழு கையெழுத்தையும் பார்த்தேன். திடீரென்று எனக்கு மனசு லேசாகிவிட்டது. கோபம் குறைந்துவிட்டது என்று நினைக்கவேண்டாம், அது அப்படியேதான் இருந்தது.

"செத்தவள் கையெழுத்துப் போடமாட்டாள், செக்ரட்டரி ஐயா. நீங்கள் எழுதினதை அடிக்கவேண்டாம், அப்படியே இருக்கட்டும். உங்கள் புத்தகத்தில் நான் செத்தவள். செத்தவளை வேலையைவிட்டு நீக்கமுடியாது. ஆலைக் குடியிருப்புக்குப் போ என்று உத்தரவு போடமுடியாது. கனி எங்கே என்று கேட்கவும் முடியாது. என்னைக் கூப்பிட்டது நீங்கள் இல்லை. அந்த அழைப்பு உங்கள் தீர்மானப் புத்தகத்தில் எங்கேயும் எழுதியில்லை, அடிப்பதற்கு."

எழுந்தேன். அப்பா என் முழங்கையைப் பிடித்துக்கொண்டார். கதவருகில் அவர் நின்று திரும்பினார். ஐயரைப் பார்த்து, வழக்கமான அந்த மரியாதைத் தமிழ் ஒன்றும் இல்லாமல், "எம் மவ தூங்கினா. தூங்கி முழிச்சிட்டா. அவ்வளவுதான் வே" என்றார்.

வெளியே வந்து ஹைரோட்டில் ராயபுரம் பஸ்ஸுக்கு நின்றோம். வெயில் தலையில் சுள்ளென்று இறங்கியது. அப்பா குடையை விரித்து என் தலைக்கு மேல் பிடித்தார். அவர் வெயிலில் நின்றார். இரண்டு பஸ் நிற்காமல் போயிற்று. என்னை வீட்டோடு இருக்கச் சொல்லப்போகிறார், அதற்குத்தான் வார்த்தை தேடுகிறார் என்று நினைத்து, அதற்கும் ஒரு சண்டைக்கு நான் தயாராக நின்றேன்.

"ஏட்டி எஸ்தரு" என்றார் ரோட்டைப் பார்த்துக்கொண்டே. "திங்கக்கெழம காலைல உனக்கு எத்தன மணிக்கு வண்டி?"

ஆறு வருஷத்தில் அவர் என்னிடம் அதைக் கேட்டதே இல்லை.

"ஆறே முக்காலுக்கு அப்பா."

"அப்படின்னா அஞ்சு மணிக்கே கஞ்சி வைக்கணும்" என்றார். "உங்கம்மைட்ட நான் சொல்லுதேன்."